அந்த முகவரியில் அப்படி ஒரு கடை இல்லை

இணைய வரைபடத்தில் தன் வீட்டின் மேலேயே ஒரு சிவப்புப் புள்ளி இருப்பதை முதலில் பார்த்தபோது நெவேனாவுக்குச் சிரிப்புதான் வந்தது.

நவம்பர் கடைசி. மணி நாலரைதான் ஆகியிருந்தது, அதற்குள் சோஃபியா நகரம் இருட்டிவிட்டது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து தெருவிளக்கைச் சுற்றி அழுக்குப் பஞ்சு போலத் தொங்கிக்கொண்டிருந்தன. மூலையில் டிராம் திரும்பும்போது எழும் இரும்புக் கீச்சொலி ஈரத் துணிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிக் கேட்டது. அடுப்பில் பீன்ஸ் சூப் புதினா வாசனையோடு தளதளத்துக்கொண்டிருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புள்ளியை அழுத்தினாள்.

சாவி. குதிகால். ஜிப். இப்போது திறந்திருக்கிறது.

கடைக்குப் பெயர் கிடையாது. சாவி வெட்டி, குதிகால் ஒட்டி, ஜிப் மாற்றித் தரும் கடை போல; அந்த மூன்று சொற்கள்தான் பெயர். முகவரி அவளுடையது. அதே தெரு, அதே எண், தரைத்தளம், இடதுபுறக் கதவு. அம்மா இறக்கும்போது அவளுக்கு விட்டுப்போன இரண்டு அறைகள். இந்த உலகத்தில் நெவேனாவுக்குச் சொந்தமென்று இருந்தது அந்த இரண்டு அறைகளும் அவற்றின் சாவியும்தான்.

யாரோ ஒரு மோசடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். எத்தனை வீடு இருக்க, என் வீட்டையா தேர்ந்தெடுத்தான் என்று நினைத்துக்கொண்டாள். இதைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. நகரத்தில் ஐந்து பூட்டுக் கடைகள் வைத்திருக்கும் ஸ்தாமென் என்பவருக்காக ஆறு வருடங்களாகச் செய்து வருகிறாள். இல்லாத கடைகளை இருப்பதாக வரைபடத்தில் போட்டு வைப்பார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறவன் அவசரத்தில் முதலில் தெரியும் எண்ணை அழைப்பான். எவனோ வந்து நல்ல பூட்டை உடைத்துவிட்டு வாய்க்கு வந்த தொகையைக் கேட்பான். நெவேனா அவற்றைத் தேடிப் பிடித்து வரைபட நிறுவனத்திடம் புகார் செய்வாள். நாற்காலியை விட்டு எழவே வேண்டியதில்லை. வரைபடத்திலேயே இருக்கும் தெருப் படத்தைத் திறந்து பார்ப்பாள். கதவு இல்லை, பலகை இல்லை, பாராட்டு எழுதியவர்கள் எல்லாம் ஒரே நாளில் எழுதியிருக்கிறார்கள் என்றால் முடிந்தது. புகார்ப் படிவத்தில் எப்போதும் ஒரே வரியைத்தான் எழுதுவாள். அந்த முகவரியில் அப்படி ஒரு கடை இல்லை.

அன்றும் அதையே எழுதி அனுப்பிவிட்டுச் சூப்பைக் கிளறப் போனாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. சரிபார்த்தோம். அந்த முகவரியில் அந்தக் கடை உள்ளது. உரிமையாளர் காணொளி மூலம் உறுதிப்படுத்தியுள்ளார்.

நெவேனா அதை இரண்டு முறை படித்தாள். காணொளி என்றால் என்னவென்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். முதலில் தெருப் பெயர்ப் பலகை, அடுத்து கட்டடம், அதன்பின் தன் கையால் தன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும். எந்த மோசடிக்காரனாலும் தாண்ட முடியாத இடம் அது. இத்தனை வருடமும் அவள் அதை நம்பித்தான் இருந்தாள்.

அப்படியானால் யாரோ இந்தக் கதவைத் திறந்திருக்கிறார்கள். சாவி போட்டு.

அவள் எழுந்துபோய்க் கதவைத் தொட்டுப் பார்த்தாள். பூட்டியிருந்தது. கூடத்தில் கோட் மாட்டும் கொக்கிகள், அம்மாவின் பழைய குடை, கம்பளி மிதியடி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் மூக்குக்கு ஏதோ தட்டுப்பட்டது. செருப்பு ஒட்டும் பசையின் வாசனை. இனிப்பாகவும் கசப்பாகவும் தலைக்குள் ஏறுகிற வாசனை.

ஸ்தாமெனுக்குப் போன் செய்தாள்.

"உன் வீட்டுக்குள்ளயே கடை போட்டுட்டானா?" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ புள்ளி பிடிக்கிறவ, புள்ளி உன்னைப் பிடிச்சிருச்சு. நல்லா வேணும்."

"சிரிக்காதீங்க சார். என் கதவைத் திறந்திருக்காங்க."

"சரி சரி, அழாத. நானே வரேன். என்கிட்ட இருக்குறதுலயே நல்ல பூட்டு ஒண்ணு போட்டுத் தரேன். அதுக்கப்புறம் அதைத் திறக்கணும்னா பேயாதான் இருக்கணும்."

அவர் வந்தார், பூட்டை மாற்றினார், மூன்று சாவிகளையும் உறை பிரிக்காமல் அவள் கையில் வைத்தார். போகும்போது மூக்கை உறிஞ்சி, "வீட்ல செருப்பு தைக்கிறியா என்ன?" என்று கேட்டார்.

மறுநாள் மாலை சமையலறை ஜன்னலுக்குக் கீழே யாரோ பேசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், நடைபாதையில் சுவரோரமாக ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். தலையைச் சாய்த்து, சுவரின் அடிப்பகுதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே நிலவறைக்குக் காற்று போவதற்காக வைத்த ஒரு கையளவு இரும்புக் கம்பித் துளையைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

நெவேனா ஜன்னலைத் திறந்தாள். "ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"பூட்ஸ் குடுத்திருந்தேன், வாங்கிட்டுப் போறேன்."

"இங்க கடை எதுவும் இல்லீங்க. அது என் நிலவறை. ஊறுகாய் ஜாடிதான் இருக்கு."

"அப்படியா?" அந்தப் பெண் எழுந்து, கையிலிருந்த பூட்ஸைத் திருப்பிக் காட்டினாள். குதிகால் புத்தம் புதிதாகப் பளபளத்தது. "அப்ப உங்க ஊறுகாய் நல்லாவே வேலை செய்யுது. அவர்கிட்ட சொல்லுங்க, ரொம்ப நேரம் குந்தினா முட்டி விட்டுப்போகுது."

பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் போய்விட்டாள்.

முட்டி. அப்போதுதான் நெவேனாவுக்கு நினைவு வந்தது. நினைவு வந்தது என்பதுகூடச் சரியில்லை. இத்தனை நாளும் வராமல் பிடித்துவைத்திருந்ததை விட்டுவிட்டாள்.

இந்த ஊரில் குந்துக்கடைகள் புதிதல்ல. அடித்தள அறையின் ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருக்கும். வாங்க வருகிறவர் குந்தி உட்கார்ந்து உள்ளே இருப்பவரோடு பேசுவார். நெவேனாவே சின்ன வயதிலிருந்து சூரியகாந்தி விதையும் சோடாவும் அப்படித்தான் வாங்கியிருக்கிறாள். ஆனால் போன வருடம் மெத்தோதி என்பவரின் கடை அவள் திரையில் வந்தபோது, தெருப் படத்தில் அந்தச் சுவரின் அடிப்பகுதியை ஒரு வெள்ளை வேன் மறைத்துக்கொண்டு நின்றது. கதவு இல்லை. பலகை இல்லை. சாவி, குதிகால், ஜிப் என்று மூன்று சொல் மட்டும். அவள் வழக்கமான வரியை எழுதினாள். புள்ளி மறைந்தது.

அந்தக் கிழவர் முறையிட்டிருக்கிறார். காணொளி கேட்டிருக்கிறார்கள். தெருப் பக்கம் அவருக்குக் கதவு ஏது? ஜன்னலின் மரப்பலகையைத் திறந்து காட்டியிருக்கிறார். சாவி போட்டுத் திறக்கவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். யார் புகார் செய்தது என்று எப்படியோ தெரிந்துகொண்டு நெவேனாவின் சமூக வலைப் பக்கத்திலேயே வந்து எழுதினார். "பொண்ணே, நான் இங்கதான் இருக்கேன். நாப்பது வருஷமா இங்கதான் இருக்கேன். ஒரு தடவ நேர்ல வந்து குனிஞ்சு பாரும்மா." மூன்று முறை எழுதினார். மூன்றையும் அவள் படித்தாள். பதில் போடாதே என்று ஸ்தாமென் சொன்னார், அவள் போடவில்லை. போய்ப் பார்க்கவுமில்லை. டிராமில் ஏறினால் நாலாவது நிறுத்தம்.

பிறகு ஒருநாள் வேறு வேலையாக அந்தத் தெரு வழியே போனபோது ஜன்னலின் மரப்பலகை மூடியிருந்தது. பலகைமேல் ஓர் அஞ்சலித் தாள். புகைப்படத்தில் கண்ணாடி போட்ட, மெலிந்த, கூச்சமாகச் சிரிக்கும் முகம். இறந்து நாற்பது நாள் ஆகிவிட்டதாக எழுதியிருந்தது. அவள் வேகமாக நடந்துவிட்டாள்.

இப்போது மடிக்கணினியில் அந்தப் புள்ளியை மறுபடி திறந்தாள். பாராட்டுகள் வந்திருந்தன. ஒரே நாளில் அல்ல. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நாள், மூன்று நாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரியாக, எழுத்துப் பிழைகளோடு, எரிச்சலோடு, நன்றியோடு எழுதப்பட்டிருந்தது. நிஜ மனிதர்கள் எழுதுவது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். இவை நிஜம்.

படம் ஒன்றும் இருந்தது. தாழ்வான ஓர் இடத்திலிருந்து மேல்நோக்கி எடுத்தது. கம்பித் துளை வழியே நடைபாதை, ஈரமான இலைகள், ஒரு ஜோடிப் பெண் பூட்ஸ். இடது பூட்ஸில் மட்டும் பழுப்பு நாடாவுக்குப் பதில் பச்சை நாடா.

நெவேனா தன் கால்களைப் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கட்டடத்தின் பொறுப்பாளர் ஜிவ்கோ மேல்மாடியில் இருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். அவர் கைவிளக்கோடு முன்னால் போனார், வழியெல்லாம் முனகிக்கொண்டே. பூட்டைத் திறந்தார்கள். மிளகாயும் முட்டைக்கோசும் ஊறும் ஜாடிகள், உடைந்த நாற்காலி, அம்மாவின் தையல் இயந்திரம். ஆளில்லை. ஆனால் பசை வாசனை இங்கே முகத்தில் அறைந்தது. கூடவே சூடான உலோகத்தின் வாசனை. கம்பித் துளைக்கு நேர் கீழே தரையில் ஏதோ மினுங்கியது. ஜிவ்கோ குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். பித்தளைத் தூள்.

"எலியா இருக்கும்" என்றார்.

"எலி சாவி வெட்டுமா அண்ணே?"

"இந்தக் கட்டடத்து எலி எதுவும் செய்யும். நீ மேல வா, குளுருது." ஆனால் அவர்தான் முதலில் படியேறினார், அதுவும் வேகமாக.

வாசலில் இருவரும் நின்றுவிட்டார்கள். கட்டடக் கதவின் கண்ணாடியில் ஓர் அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. இறங்கும்போது அது அங்கே இல்லை. பசை இன்னும் காயாமல் ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதே மூக்குக்கண்ணாடி, அதே கூச்சச் சிரிப்பு. இறந்து ஒரு வருடம் ஆகிறது என்று எழுதியிருந்தது.

"யாரிவன்?" ஜிவ்கோ கண்ணைச் சுருக்கினார். "இந்தக் கட்டடத்துல இருந்திருந்தான்னா அவன் குப்பை எந்தப் பையில போடுவான்னுகூட எனக்குத் தெரியுமே."

"கிழிச்சுடுங்க அண்ணே."

"அஞ்சலித் தாளையா? மழையில கரைஞ்சு தானா விழணும். கையால கிழிக்க மாட்டேன். நீ வேணா கிழி, நான் பார்க்கல."

அவளும் கிழிக்கவில்லை. கை எழவில்லை.

அன்று இரவு வீட்டுக்குள் நுழைந்து, புதுப் பூட்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டி, நாற்காலியைக் கதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கீழே, தரைக்கு அடியில், ஏதோ சுழலும் சத்தம் மெல்லத் தொடங்கியது. பல் வைத்தியர் கருவிபோல ஒரு கூரான ரீங்காரம், நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்று. நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு உலோகத் துண்டு தட்டில் விழும் டிங் என்ற ஓசை. அவள் எண்ணாமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. இருபதுக்குமேல் விட்டுவிட்டாள்.

புதிய பாராட்டு ஒன்று வந்தது.

"பூட்டை மாத்திட்டாங்கன்னு பயந்தேன். புதுச் சாவியும் அன்னைக்கே குடுத்துட்டார். முதல் தடவையிலயே திறந்துச்சு."

கீழே ஒரு படம். கோட் கொக்கிகள். அம்மாவின் குடை. கம்பளி மிதியடி.

போலீஸ் நிலையத்தில் ஒருவர் அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ள வந்தவங்க ஏதாவது எடுத்துட்டுப் போனாங்களா?" என்று கேட்டார். இல்லை. "கதவை உடைச்சாங்களா?" இல்லை. "அப்ப என்னன்னு எழுதச் சொல்றீங்க? கடைக்கு நல்ல பேருன்னா?" பக்கத்து மேசைக்காரர் தேநீரைத் துப்பிச் சிரித்தார்.

அவள் மறுபடி புகார் செய்தாள். நிராகரித்தார்கள். வேறு பெயரில் செய்தாள். நிராகரித்தார்கள். நான் இங்கே குடியிருக்கிறேன், இது என் வீடு, அந்த முகவரியில் அப்படி ஒரு கடை இல்லை, இல்லவே இல்லை என்று நாலு பக்கம் எழுதினாள். கடைசியாக ஒரு பதில் வந்தது. இது உங்கள் வீடு என்றால் நீங்களும் காணொளியால் உறுதிப்படுத்தலாம். தெருப் பலகை, கட்டடம், உங்கள் சாவியால் திறக்கப்படும் கதவு. இதுவே இறுதி வாய்ப்பு.

அவ்வளவுதானே! அவள் ஏறக்குறைய அழுதுவிட்டாள். அவளிடம் சாவி இருக்கிறது. கதவு இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

மறுநாள் மூன்று மணிக்கே கிளம்பி வெளியே வந்தாள், வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று. ஆனால் மூடுபனி இறங்கியிருந்தது; தெருப் பலகைக்குக் கீழே நிற்கும்போதே விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். போனை உயர்த்தினாள். பதிவு ஓடத் தொடங்கியது. பலகை. மெல்லத் திரும்பினாள். கட்டடம், எண், ஈரச் சுவர், தன் சமையலறை ஜன்னல். ஜன்னலில் விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டுத்தான் வந்தாள். நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். கட்டடக் கதவைத் தோளால் தள்ளினாள். அஞ்சலித் தாளிலிருந்த முகத்தைப் பார்க்கவில்லை. நாலு படி. இடதுபுறம்.

தன் கதவு.

சாவியை நுழைத்தாள். சிக்கலில்லாமல் போனது. திருப்பினாள்.

திரும்பவில்லை.

வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். திரும்பவில்லை. இரண்டாவது சாவி. மூன்றாவது. ஒன்று கீழே விழுந்து படியில் துள்ளியது. போன் திரையில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டு நிமிடம். மூன்று.

"இது என் வீடு" என்று போனிடம் சொன்னாள். குரல் அவளுடையதுபோல இல்லை. "நான் இங்கதான் இருக்கேன்."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினாள். வயதான ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, படியில் குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். வாசல்வரை. எல்லோரும் குந்தியிருந்தார்கள். எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"உங்க சாவி பழசும்மா" என்றார் தொப்பிக்காரர். "எங்கிட்ட இருக்கு, இருங்க." கையை நீட்டி, அவள் இடுப்புக்குப் பக்கமாகச் சாவியைப் போட்டுத் திருப்பினார்.

கதவு திறந்தது.

கூடத்தில் விளக்கு எரிந்தது. கோட்டுகள். குடை. சுவரோரமாக, இரண்டு பக்கமும், ஆட்கள். முழங்காலில். தோளோடு தோள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் செருப்பு, பை, கிழிந்த ஜாக்கெட். வரிசை கூடத்தைத் தாண்டி, அம்மாவின் படுக்கையறைக் கதவுவரை போனது. அந்தக் கதவு மூடியிருந்தது. அடியில் இரண்டு விரல் இடைவெளி. அதில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே அந்த ரீங்காரம்.

நின்றது.

டிங்.

"அடுத்தது" என்றது ஒரு குரல். மென்மையான குரல். கூச்சமான குரல்.

வரிசை முழங்காலில் நகர்ந்தது. மிதியடிமேல் துணி உரசும் சத்தம். பின்னாலிருந்து யாரோ அவள் தோளை மெல்ல அழுத்தினார்கள். "போங்க. நின்னா மத்தவங்களுக்கு மறைக்குது." அவள் கத்தினாள் என்றுதான் நினைத்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. முழங்கால்கள் மடங்கின. அவள் மடக்கவில்லை.

"அடுத்தது."

ஓடலாம். கால் கேட்கவில்லை. போன் இன்னும் கையில். பதிவு இன்னும் ஓடுகிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

"அடுத்தது."

முன்னால் இருந்த பெண் எதையோ வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி எழுந்து போனாள். இப்போது முன்னால் யாருமில்லை. கதவு மட்டும். அடியில் வெளிச்சம் மட்டும்.

அந்த இரண்டு விரல் இடைவெளி வழியே ஒரு கை வெளியே வந்தது. அவ்வளவு குறுகிய இடத்தில் வர முடியாத கை. தட்டையாக. முதலில் நகங்கள், பசை காய்ந்து கறுத்தவை. பிறகு விரல் முட்டிகள், ஒவ்வொன்றாக, மரத்தில் அழுந்தி. பிறகு மணிக்கட்டு. தரையில் ஊர்ந்து, அவள் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்று, மெதுவாகப் புரண்டு, உள்ளங்கையை விரித்தது. கோடுகளில் எல்லாம் பித்தளைத் தூள் மின்னியது.

விரித்தபடியே அது காத்திருந்தது.